திங்கட்கிழமை நாத்தம்

பிளஸ் டூ பரீட்சை முடிந்த லீவில் இரண்டு மாதம் கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் ஹெல்பராக இருந்தேன். மாமாவுக்குத் தெரிந்தவருடைய பட்டறை. மூன்று லேத், ஒரு மில்லிங் மெஷின், செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்ட ஒரு சி.என்.சி. அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு ஷட்டரைத் தூக்கினால் உள்ளேயிருந்து ஒரு நாத்தம் வந்து மூஞ்சியில் அறையும். அழுகின முட்டை, அதோடு சாக்கடை, அதோடு சிக்கு பிடித்த எண்ணெய். முதல் வாரம் எலிதான் செத்துக் கிடக்கிறது என்று மெஷினுக்கு அடியிலெல்லாம் டார்ச் அடித்துத் தேடினேன். டர்னர் அண்ணன் சிரித்தார்.

"எலியெல்லாம் இல்லீங்க தம்பி. கூலன்ட் கெட்டுப்போச்சு. மோட்டாரப் போட்டு ஓட உடுங்க, பத்து மணிக்குள்ள போயிரும்."

நிஜமாகவே பத்து மணிக்குப் போய்விட்டது. போனது நாத்தமா, என் மூக்கா என்று அப்போது தெரியாது. அழுகின முட்டை வாசனைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடுக்கு ஒரு குணம் உண்டு. கொஞ்ச நேரம் முகர்ந்தால் மூக்கு அதைப் பதிவு செய்வதையே நிறுத்திக்கொள்ளும். முதலாளி பதினொரு மணி வாக்கில் வருவார். வந்ததும் ஃபினாயில் பாட்டிலை எடுத்து டேங்க்கில் இரண்டு மூடி ஊற்றுவார். பிறகு பட்டறை முழுக்க ஆஸ்பத்திரி வாடை.

அந்த நாத்தத்துக்கு ஒரு சரித்திரம் இருப்பது எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ம்யூனிக், ஃபிலடெல்ஃபியா, டெல்ஃப்ட், ஹூஸ்டன் என்று ஊர் ஊராகப் போகிற சரித்திரம்.

பட்டறைப் பக்கமே போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. உலோகத்தை டூல் சீவும்போது பயங்கரமான சூடு கிளம்பும். சூடானால் டூலின் முனை மழுங்கும், ஜாப்பின் அளவு மாறும். அதனால் வெட்டுகிற இடத்தில் ஒரு குழாய் வழியாகத் திரவத்தை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கூலன்ட் ஆயிலை இருபது பங்கு தண்ணீரில் ஒரு பங்கு கலந்தால் பால் மாதிரி வெள்ளையாக ஆகும். அது ஜாப்பின் மேல் வழிந்து, இரும்புச் சுருள்களைக் கழுவிக்கொண்டு, கீழே உள்ள டேங்க்கில் விழும். அங்கிருந்து பம்ப் திரும்ப மேலே ஏற்றும். அதே பால் மாதக்கணக்கில் சுற்றிச் சுற்றி வரும். இப்படி யோசியுங்கள்: பாலை மாதக்கணக்கில் வெளியே வைத்தால் என்ன ஆகும்?

சூட்டிலிருந்து தொடங்கலாம். 1798இல் கவுன்ட் ரம்ஃபோர்டு என்று பட்டம் பெற்ற பெஞ்சமின் தாம்சன், ம்யூனிக் ஆயுதசாலையில் பீரங்கிக் குழாய் துளைக்கும்போது உலோகம் எப்படி இவ்வளவு சூடாகிறது என்று எழுதினார். வேண்டுமென்றே மழுங்கின துளைப்பானை வைத்து, குதிரைகளைக் கட்டிச் சுழற்றி, உலோகத்தைச் சுற்றி ஒரு பெட்டியில் சுமார் எட்டரை கிலோ தண்ணீரை நிரப்பினார். இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்தது. நெருப்பே இல்லை. சூடு என்பது ஒரு பொருள் அல்ல, அசைவு என்ற முடிவை நோக்கி இயற்பியலை நகர்த்திய பரிசோதனை என்று பாடப் புத்தகத்தில் அது வரும். லேத் முன்னால் நின்றவனுக்கு அதில் வேறொன்று தெரியும். ரம்ஃபோர்டு தன்னையறியாமல் கூலன்ட் டேங்க் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பட்டறைகளில் பன்றிக் கொழுப்பிலிருந்து எடுத்த எண்ணெய், திமிங்கில எண்ணெய், சோப்புத் தண்ணீர் எல்லாம் ஓடின. இங்கிலாந்தில் இன்றைக்கும் பழைய டர்னர்கள் கூலன்ட்டை சோப்பு நுரைக்கான 'சட்ஸ்' என்ற சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். கொழுப்பெண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். ஆனால் அது மெதுவாகக் காறும், டேங்க்கில் கிடந்து அழுகாது. தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமிக்கு வேலையில்லை.

திருப்பம் ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லரிடம் வருகிறது. தொழிலாளி ஒவ்வொரு அசைவுக்கும் எத்தனை நொடி எடுக்கிறான் என்று ஸ்டாப் வாட்ச் வைத்து அளந்த அதே டெய்லர். எனக்கு அந்த மனுஷரைப் பிடிக்காது. ஆனால் இந்த விஷயத்தில் அவர் செய்த வேலையைக் குறை சொல்ல முடியாது. ஃபிலடெல்ஃபியாவின் மிட்வேல் ஸ்டீல் ஆலையில் 1880இல் ஆரம்பித்து 26 வருஷம் உலோகத்தை வெட்டி வெட்டிப் பார்த்தார். 8 லட்சம் பவுண்டு இரும்பும் எஃகும் சுருளாய்ப் போயின. வெட்டுகிற இடத்தில் தண்ணீரைக் கனமாக ஊற்றினால் 30 முதல் 40 சதவீதம் வேகம் கூட்டலாம் என்று கண்டுபிடித்தார். 1884இல் மிட்வேலில் கட்டின புதுப் பட்டறையில் ஒவ்வொரு மெஷினுக்கும் அடியில் தட்டு வைத்து, எல்லாத் தட்டுகளிலிருந்தும் தரைக்கடியில் குழாய் போட்டு ஒரு பொதுத் தொட்டிக்குக் கொண்டுபோய், திரும்ப மேலே ஏற்றி எல்லா மெஷினுக்கும் ஊற்றினார்கள். மெஷின் துருப்பிடிக்காமல் இருக்கத் தண்ணீரில் சோடா உப்பைக் கரைத்தார்கள். நம் வீட்டில் துணிக்குப் போட்டார்களே, அந்தச் சலவைச் சோடாதான். பட்டறை எல்லாருக்கும் திறந்துதான் கிடந்தது, ஆனாலும் வருஷக்கணக்கில் போட்டி ஆலைகள் இதைக் காப்பியடிக்கவில்லை என்று 1906இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் சங்கத்தில் தலைமையுரை ஆற்றும்போது ஆச்சரியப்பட்டிருக்கிறார்.

சோடாத் தண்ணீர் சூட்டைத் தணித்தது. உராய்வைக் குறைக்கவில்லை, காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக மெஷினில் படிந்தது. ஆனால் அதில் ஒரு நல்ல குணம் இருந்தது, யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். கிருமி தின்ன அதில் ஒன்றுமே இல்லை. போதாததற்கு உயிர் தங்க முடியாத காரம்.

பிறகு எண்ணெயையும் தண்ணீரையும் சேர்க்க வழி கண்டுபிடித்தார்கள். சோப்பு மாதிரியான ஒரு பொருள் எண்ணெய்த் துளிகளைச் சுற்றிக்கொண்டு, அவற்றை ஒன்றோடொன்று சேரவிடாமல் தண்ணீரில் மிதக்க வைக்கும். தண்ணீரின் குளிர்ச்சி, எண்ணெயின் வழுவழுப்பு, விலையும் மலிவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது பட்டறைகளில் பரவியது. அன்றைக்குத்தான் கிருமிக்குச் சமையலறை திறந்தது. தின்ன எண்ணெய் இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இருக்கிறது, வெதுவெதுப்பு இருக்கிறது. போதாததற்கு கைரேகை, எச்சில், பீடித்துண்டு, டீ மிச்சம். எங்கள் பட்டறை டேங்க்கில் நான் பாதி வடையை எடுத்திருக்கிறேன்.

முதல் உலகப் போர் முடிகிற சமயம், 1918இல், பிரிட்டிஷ் அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை வெட்டும் திரவங்களைப் பற்றி ஒரு குறிப்பேடு வெளியிட்டது. எது நல்ல எண்ணெய், எது நல்ல குளிர்விப்பான் என்று சொல்ல வந்த அந்த ஏட்டின் தலைப்பிலேயே தோல் நோய்களும் இருந்தன. குண்டு செய்கிற ஆலைகளில் வேலை செய்தவர்களின் கைகளில் கொப்புளம் கொப்புளமாக வந்திருந்தது. ஆக, இந்தத் திரவம் மெஷினுக்கு மட்டும் சம்பந்தப்பட்டதல்ல என்பது ஆரம்பத்திலேயே தெரியும்.

நாத்தம் எங்கிருந்து வருகிறது என்பதற்கான விடை அதற்கு முன்பே, பட்டறைக்குத் துளியும் தொடர்பில்லாத ஓர் இடத்தில் கிடைத்திருந்தது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரம் முழுக்கக் கால்வாய்கள். கால்வாய்ச் சேற்றில் ஏன் அழுகின முட்டை வாடை வருகிறது என்று 1895இல் மார்ட்டினஸ் பெய்யரிங்க் தேடி, ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். நாம் ஆக்சிஜனைச் சுவாசிக்கிறோம். அது சல்ஃபேட்டைச் சுவாசித்து ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடுகிறது. காற்று பட்டால் அதற்கு ஆகாது. காற்றே போகாத இடம்தான் வேண்டும்.

இப்போது சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்குப் பட்டறைக்கு வாருங்கள். மெஷின்களை அணைத்துவிட்டார்கள். பம்ப் ஓடவில்லை, கூலன்ட் அசையவில்லை. மெஷினின் சறுக்குப் பாதைக்கு விடுகிற எண்ணெய் ஒழுகி ஒழுகி டேங்க்கின் மேலே பாலாடை மாதிரி ஒரு படலமாக மூடிக்கொள்கிறது. காற்று உள்ளே போகாது. ஏற்கனவே உள்ளே கோடிக்கணக்கில் இருக்கிற சாதாரணக் கிருமிகள் கரைந்திருந்த ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடுகின்றன. அடியில் இரும்புச் சுருளும் சேறும் கலந்த கசடு. அந்தக் கசடுதான் டெல்ஃப்ட் கால்வாய். சல்ஃபேட்டைச் சுவாசிக்கிற கூட்டம் அங்கே கண் விழிக்கிறது. திங்கள் காலை வரை அவற்றுக்கு 38 மணி நேரத்துக்கு மேல் விடுமுறை வேலை. இங்கிலீஷ் பேசுகிற பட்டறைகளில் இதற்குப் பெயரே 'மண்டே மார்னிங் ஸ்மெல்'. நம் ஊர் டர்னர்கள் பெயர் எதுவும் வைக்கவில்லை, கெட்ட வார்த்தைதான்.

நம் ஊரில் இன்னொரு விஷயமும் உண்டு. சிறுவாணித் தண்ணீர் வீட்டுக்கு, போர் தண்ணி பட்டறைக்கு. போர் தண்ணியில் உப்பு ஜாஸ்தி. கூலன்ட்டில் தண்ணீர் ஆவியாகப் போகப் போக அதே போர் தண்ணியை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆவி போகும், உப்பு போகாது. சுண்ணாம்பு சோப்பைப் பிடித்துத் திரிக்கும், எண்ணெய் பிரியும். தண்ணீரில் சல்ஃபேட் இருந்தால் அதுவும் ஏறிக்கொண்டே போகும். சல்ஃபேட் எதற்கு ஆகும் என்று மேலே சொல்லியாயிற்று.

இங்கே ஒரு சின்ன விலகல். பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம். பூவின் நாற்றம் என்று தயங்காமல் சொன்னார்கள். பிறகு சொல் மெல்லக் கெட்டு, கெட்ட வாடைக்கு மட்டும் மிஞ்சிவிட்டது. மணம் என்று நல்லதற்கு வேறு சொல்லை எடுத்துக்கொண்டோம். எந்தப் பக்கமும் சாயாமல் வெறுமனே ஒரு செய்தியாக இருக்கிற வாடைக்கு நம்மிடம் சொல் இல்லாமல் போயிற்று. கூலன்ட் நாத்தம் அப்படிப்பட்டதுதான். டேங்க்கில் என்ன நடக்கிறது என்று அது சொல்கிறது. அதைக் கேட்பதை விட்டுவிட்டு வாயை அடைக்கப் பார்த்ததுதான் அடுத்த அறுபது எழுபது வருஷக் கதை.

1941இல் லீ, சாண்ட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் வெட்டும் திரவங்களில் வாழும் கிருமிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சாண்ட்லர் ஹூஸ்டனின் ரைஸ் கல்வி நிறுவனத்தில் உயிரியல் பேராசிரியர். கூலன்ட்டிலிருந்து ஒரு புதுக் கிருமியைப் பிரித்து 'சூடோமோனஸ் ஓலியோவோரன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஓலியோவோரன்ஸ் என்றால் எண்ணெய் தின்னி. அது எண்ணெயைத் தின்னும், துளிகளைச் சுற்றியிருக்கிற சோப்பையும் விடாது. பிறகு பால் திரியும், புளிப்பேறும், காரம் குறையும், ஜாப் துருப்பிடிக்கும். ஆக நாத்தம் வருகிற நாளுக்கு முன்பே கூலன்ட் செத்துக்கொண்டிருக்கிறது.

செய்ய வேண்டியது என்னவென்று அப்போதே தெளிவு. மேலே மிதக்கிற எண்ணெயை எடு, கசடை அள்ளு, டேங்க்கைத் தேய்த்துக் கழுவு. ஆனால் கழுவ மெஷினை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் உற்பத்தி போச்சு. டேனில் வருகிற மருந்தை ஊற்ற ஒரு நிமிஷம் போதும். எந்த ஆலையும் எதைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

முதலில் வாசனை போட்டு மூடினார்கள். எங்கள் முதலாளியின் ஃபினாயில் அந்த வம்சம்தான். பிறகு ஃபார்மால்டிஹைடைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிற டிரையசின் வகை மருந்துகள் வந்தன. பள்ளி ஆய்வுக்கூடத்தில் தவளையையும் பாம்பையும் ஜாடியில் போட்டு வைப்பார்களே, அந்த ஃபார்மலின்தான் தண்ணீரில் கரைந்த ஃபார்மால்டிஹைடு. கிருமி செத்தது, நாத்தமும் நின்றது. இன்னொரு பக்கம் துருவைத் தடுக்க சோடியம் நைட்ரைட்டும் எத்தனாலமின்களும் கூலன்ட்டில் சேர்ந்திருந்தன. நைட்ரைட்டும் அமினும் சேர்ந்தால் நைட்ரோசமின் உண்டாகும், அது புற்றுநோய் தரக்கூடிய குடும்பம். வழக்கமாக இந்த வினைக்கு அமிலம் வேண்டும், கூலன்ட்டோ காரம், அதனால் பயமில்லை என்று இருந்தார்கள். 1973இல் கீஃபர், ரோலர் இருவரும், ஃபார்மால்டிஹைடு இருந்தால் காரத்திலும் அந்த வினை நடக்கும் என்று காட்டினார்கள். 1977இல் 'சயன்ஸ்' இதழில் வந்த கட்டுரை, கடைகளில் விற்ற கூலன்ட்டுகளை எடுத்துப் பார்த்து, சிலவற்றில் 3 சதவீதம் வரை நைட்ரோசமின் இருப்பதைச் சொன்னது. கோடியில் ஒரு பங்கு என்று தேடுகிற பொருள், நூற்றில் மூன்று பங்கு. 1984இல் அமெரிக்காவில் சில வகைக் கூலன்ட்டுகளில் நைட்ரைட் சேர்க்கத் தடை வந்தது. 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தியது.

கிருமிகளின் பக்கமும் கதை ஓடிக்கொண்டிருந்தது. 1981 ஆகஸ்டில் கனடாவின் வின்ட்சர் நகரத்தில் ஒரு கார் எஞ்சின் ஆலையில் 317 பேருக்குக் காய்ச்சல், உடம்பு வலி, இருமல். நல்லவேளை, சில நாளில் தேறிவிட்டார்கள். மருத்துவர்கள் தேடிப்போய்க் கடைசியில் கண்டுபிடித்தது கூலன்ட்டில்: அதுவரை பெயரே வைக்கப்படாத ஒரு லீஜியனெல்லா கிருமி. சுழலும் டூலில் கூலன்ட் பட்டுப் புகையாகத் தெறிக்கிறது, அந்தப் புகையைத்தான் எல்லாரும் சுவாசிக்கிறார்கள். டேங்க்கில் இருப்பது நுரையீரலுக்குப் போக ஒரு மெஷினை ஆன் செய்தால் போதும்.

தொண்ணூறுகளில் மிச்சிகனின் கார் உதிரி ஆலைகளில் வேறொன்று தலைகாட்டியது. மூச்சு வாங்குகிறது, எடை குறைகிறது, காய்ச்சல் வந்து வந்து போகிறது. நிமோனியா என்று மருந்து கொடுப்பார்கள், லீவில் சரியாகிவிடும், வேலைக்குத் திரும்பினால் மறுபடி வரும். நுரையீரல் திசுவை வெட்டிப் பார்த்தால் அலர்ஜி அழற்சி. கூலன்ட்டில் தேடினால் மைகோபாக்டீரியம், காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தம். 2001இல் அந்த இனத்துக்கு 'மைகோபாக்டீரியம் இம்யூனோஜெனம்' என்று பெயர் வைத்தார்கள். அதற்கு மெழுகுத் தோல், ஃபார்மால்டிஹைடு மருந்துக்கு லேசில் சாகாது. நாத்தம் பிடித்த பழைய கூட்டத்தை மருந்து கொன்று இடத்தைக் காலி செய்து கொடுத்தது, போட்டியில்லாமல் இது பெருகியது என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

இது நாறாது.

2003, 2004இல் பர்மிங்காம் பக்கம் லாங்பிரிட்ஜில் ஓர் எஞ்சின் ஆலையில் 80க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு ஆஸ்துமாவும் இதே மாதிரி அழற்சியும் வந்தது. கூலன்ட்டும் கழுவு மெஷின் திரவமும்தான் காரணம் என்று முடிவு வந்தது. 2005இல் அந்தக் கார் கம்பெனியே திவாலானது. வேலை போனது, நுரையீரல் நோவு போகவில்லை.

சட்டம் என்ன செய்தது? அமெரிக்காவில் எண்ணெய்ப் புகைக்கான வரம்பு ஒரு கனமீட்டர் காற்றுக்கு 5 மில்லிகிராம். இதைக் குறைக்கச் சொல்லி வாகனத் தொழிலாளர் சங்கம் 1993இல் மனு கொடுத்தது. 1998இல் அந்த நாட்டின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமே 0.5க்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. விதி போட வேண்டிய துறை போடாமல் விட்டது. சங்கம் கோர்ட்டுக்குப் போனது, 2004இல் தோற்றது. நம் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் சேர்த்த அட்டவணையிலும் கனிம எண்ணெய்ப் புகைக்கு அதே 5தான் இருந்தது. அதுவும் 10 பேருக்குக் குறைவாக வேலை செய்த பட்டறைக்கு அந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தவில்லை. நான் இருந்த பட்டறையில் என்னையும் சேர்த்து 6 பேர்.

டர்னர் அண்ணனுக்கு ஓர் இருமல் இருந்தது. வறட்டு இருமல். பீடியால் என்று எல்லாரும் சொன்னோம், அவரும் அப்படித்தான் சொன்னார். தீபாவளிக்கு ஊருக்குப் போனால் இருமல் இருக்காது, திரும்பி வந்தால் ஆரம்பிக்கும் என்று ஒரு நாள் அவராகவே சொன்னார். "கோயம்புத்தூர்க் குளிரு எனக்கு ஒத்துக்கல தம்பி" என்று அவரே ஒரு காரணமும் வைத்திருந்தார். மிச்சிகன் பற்றிப் படிக்கும்போது அந்த வாக்கியம்தான் ஞாபகம் வந்தது. அவருக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. எந்த டாக்டரும் அவரிடம், லீவில் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்க மாட்டார்.

என்னதான் வழி என்றால், பழைய வழிதான். மேலே மிதக்கிற எண்ணெயைத் தினமும் எடுக்க வேண்டும். கோதுமை மாவு வடிகட்டுவது போலக் கஷ்டமில்லை, பெல்ட் போட்டு இழுக்கிற சின்ன மோட்டாரே கிடைக்கிறது. எத்தனை சதவீதம் ஆயில் இருக்கிறது என்று ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். தண்ணி ஜாஸ்தியானால் கிருமிக்குக் கொண்டாட்டம், ஆயில் ஜாஸ்தியானால் தோலுக்குக் கேடு. காரம் ஒன்பதை ஒட்டி இருக்கிறதா என்று காகிதப் பட்டையை நனைத்துப் பார்க்க வேண்டும். போர் தண்ணிக்குப் பதில் உப்பு நீக்கின தண்ணீர். லீவு நாளில் மீன் தொட்டிக்கு வைக்கிற காற்று மோட்டாரை டேங்க்கில் போட்டுவிட்டுப் போகிற டர்னர்களும் இருக்கிறார்கள். நல்ல யோசனைதான், சல்ஃபேட் கூட்டத்துக்குக் காற்று ஆகாதே. ஆனால் இதெல்லாம் கசடை அள்ளினால்தான். பழசில் பத்தில் ஒரு பங்கை அடியில் விட்டுவிட்டுப் புதுசை ஊற்றினால், தயிருக்கு உறை ஊற்றின கதைதான்.

இரண்டு மாதத்தில் நான் டேங்க்கைக் கழுவினது ஒரே ஒரு தடவை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, உடைந்த ஹேக்ஸா பிளேடால் சுரண்டி, இரண்டு பக்கெட் கறுப்புச் சேறு அள்ளினேன். அதற்கு அடுத்த இரண்டு திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கினபோது இரும்பு வாசனை மட்டும்தான் வந்தது.

போன வருஷம் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. முதலாளியின் மகன் பார்த்துக்கொள்கிறார், இப்போது நான்கு சி.என்.சி. டர்னர் அண்ணன் ஊருக்கே போய்விட்டாராம். திங்கட்கிழமைதான், ஆனால் நாத்தமே இல்லை. ஓரத்தில் லேபிள் கிழிந்த ஒரு வெள்ளை டேன் இருந்தது. டேங்க்கின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். மேலே பாலாடை மாதிரி எண்ணெய் மூடியிருந்தது, விரல் கனத்துக்கு.

"எப்பக் கழுவினீங்க?" என்று அங்கே நின்ற பையனைக் கேட்டேன்.

"நாத்தமே இல்லீங்களேண்ணா," என்றான், "எதுக்குக் கழுவோணும்?"